மலைநாட்டில் வெள்ளித்திரை – 14: கடைசி ஊருக்கு வந்த முதல் பிரதி

பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்த கதையை எழுதியவர்களில் பெரும்பாலானோர் பெருநகரத்துப் படமாளிகையில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார்கள். சென்னை அண்ணா சாலையிலோ கொழும்பிலோ புதுப் பிரதியை முதல் வாரத்திலேயே பார்த்துப் பழகியவருக்குப் பிலிமின் நிறம் கனிந்தது, டிஜிட்டலின் நிறம் தட்டையானது என்று தோன்றுவது இயல்பு. தொழில்நுட்பத்தில் பற்றுள்ளவருக்கு நேரெதிராகத் தோன்றும். இந்த வழக்கில் வெலிமடைக்காரரையோ பசறைக்காரரையோ யாரும் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கும். இலங்கை ஊவா மாகாணத்தின் சிறு நகரங்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது சென்னையில் ஓடிய பிலிம் அல்ல. பல ஊர் ஓடித் தேய்ந்த பிலிம். ஒரு படம் கண்ணுக்கும் காதுக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதை இங்கே ஊடகம் தீர்மானிக்கவில்லை. விநியோக வரிசையில் ஊர் நின்ற இடமும் படமாளிகைக்காரரின் பராமரிப்புமே தீர்மானித்தன. டிஜிட்டல் முதலாவதை ஒழித்தது. இரண்டாவதைத் தொடவேயில்லை, சில வகையில் அதை இன்னும் கொடியதாக்கியது. இதுவே இந்த அத்தியாயத்தின் வாதம்.

வரிசையிலிருந்து தொடங்குவோம். 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 1972இல் தொழிற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம், படங்களை இறக்குமதி செய்வதையும் விநியோகிப்பதையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தவும் உள்ளூர்ச் சினிமாவைக் காக்கவும் எடுத்த முடிவு அது. அதன் நல்லது கெட்டதை முந்திய அத்தியாயங்களில் பார்த்தோம். நமக்கு இங்கே வேண்டியது அதன் பக்கவிளைவு. தமிழ்நாட்டுப் படங்கள் குறைந்த எண்ணிக்கையில், குறைந்த பிரதிகளோடு, பெரும்பாலும் வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்து வந்தன. கையிலிருந்த சில பிரதிகளைக் கொண்டு தீவு முழுவதையும் சுற்றிவர வேண்டும். முதலில் கொழும்பும் யாழ்ப்பாணமும் கண்டியும், பிறகு அடுத்த தட்டு நகரங்கள், அதற்கும் பிறகே மலைநாட்டின் கிழக்குச் சரிவு. 1924இல் பதுளையை எட்டிய மலையக ரயில் பாதை கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீற்றர் ஓடி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. படப்பெட்டியின் பயணமும் அதே போலத்தான். வெலிமடைக்கு ரயிலும் கிடையாது. நுவரெலியாவிலிருந்து இறங்கும் வீதியும் பண்டாரவளையிலிருந்து வரும் வீதியும் பதுளைக்குப் போகும் வீதியும் சந்திக்கும் சந்தை நகரம் அது. உருளைக்கிழங்கும் மரக்கறியும் அங்கிருந்து கொழும்புக்கு முதல் லொறியில் போயின. அங்கே வந்து சேர்ந்த படமோ கடைசிப் பந்திச் சாப்பாடாக இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தேய்மானம் என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கும். 35 மில்லிமீற்றர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில், வினாடிக்கு 24 சட்டங்களாக ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீற்றருக்கும் மேல். எடை முப்பது கிலோ வரும். ஒவ்வொரு சட்டமும் இயந்திரத்தின் வாயிலில் ஒரு கணம் நிறுத்தப்பட்டு, ஒளி பட்டதும் பற்சக்கரத்தால் இழுத்து விடப்படுகிறது. இந்த நிறுத்தலும் இழுத்தலும் ஒரு காட்சிக்கு இரண்டு லட்சம் முறைக்கு மேல் நடக்கின்றன. தூசி ஒட்டினால் கீறல் விழும். கீறல்கள் சேர்ந்தால் திரையில் மழை பெய்யும். சனம் அப்படித்தான் சொன்னது: "படத்தில் மழை." ரீலின் தொடக்கமும் முடிவும் அதிகம் அடிபட்டன. இரண்டு புரொஜெக்டர்களை மாற்றி மாற்றி ஓட்டும் முறையில், ரீல் மாறும் நேரத்தை அறிவிக்க மூலையில் ஒரு புள்ளி தோன்றும். அது அறுந்துபோன பிரதியில் ஒவ்வோர் ஊர் ஒப்பரேட்டரும் தன் கையால் புதிதாக ஒரு கீறல் போட்டார். அறுந்த இடத்தை ஒட்டும்போது சில சட்டங்கள் போகும். ரசிகருக்குப் பிடித்த முகம் உள்ள சட்டங்கள் ஒட்டாமலேயே போனதும் உண்டு. குண்டு பல்பில் தண்ணீர் நிரப்பிச் சுவரில் பயாஸ்கோப் காட்டிய பிள்ளைகளுக்கு பிலிம் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? ஒலித்தடம் படத்திலிருந்து ஏறக்குறைய 20 சட்டங்கள் முன்னால் பதிந்திருப்பதால், ஒட்டுப்போட்ட இடத்தில் படம் ஒரு கணத்திலும் ஒலி வேறொரு கணத்திலும் தாவும். பாட்டில் ஒரு சொல் விழுங்கப்பட்டு, ஒரு வினாடிக்குள் நாயகியின் கை இடம் மாறி நிற்கும். வெட்டு எதிலும் பதியாமல் போகாது, ஆனால் எந்த ஊரில் விழுந்தது என்பதற்கு மட்டும் பதிவு கிடையாது.

ஒலியைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் மாற்றம் முதலில் அங்கேதான் வந்தது. பழைய ஒற்றைத்தட ஒளிவழி ஒலி, இரைச்சலை மறைப்பதற்காக மேல் சுருதிகளை வேண்டுமென்றே வெட்டிவிடும். 1938இல் அமெரிக்க அகாடமி வகுத்த அளவுகோல் உலகமெங்கும் அரை நூற்றாண்டு நின்றது. தோட்டத்துக் காதுகளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. அவை மத்திய அலை வானொலியில், இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவை. அந்த அலையும் மேல் சுருதிகளைத் தராது. படமாளிகையும் வானொலியும் ஒரே தட்டில் இருந்தவரை முறைப்பாடு இல்லை. கசெட் வந்ததும் தட்டு சாய்ந்தது. 1992இல் 'ரோஜா' வந்தபோது, தனியார் பஸ்ஸின் ஸ்டீரியோவிலும் சில்லறைக் கடையின் பெட்டியிலும் கேட்ட பாட்டு, தேய்ந்த பிரதியின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்ட அதே பாட்டைவிடத் தெளிவாக இருந்தது. படமாளிகை என்ற நிறுவனத்துக்கு விழுந்த முதல் அடி இதுவே என்பது என் கணிப்பு. தொலைக்காட்சியைப் பலரும் முதற்குற்றவாளியாக நிறுத்துகிறார்கள். தொலைக்காட்சியின் சிறு திரை, பெரிய திரையை எப்போதும் நினைவூட்டிக்கொண்டே இருந்தது. நல்ல ஸ்டீரியோ பெட்டியோ தியேட்டரை ஏளனம் செய்தது. தமிழ்நாட்டில் இதற்குப் பதில் விரைவாக வந்தது. 1995இல் 'குருதிப்புனல்' டொல்பி ஸ்டீரியோவில் வந்தது. அடுத்த ஆண்டு 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். முறையைக் கொண்டுவந்தது, அந்த முறையைப் பரப்பியது சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம். டி.டி.எஸ்.ஸில் ஒலி பிலிமில் இல்லை, தனி வட்டில் இருக்கிறது. பிலிமின் ஓரத்தில் ஒரு நேரக் குறியீடு மட்டும் ஓடும். பிலிம் எவ்வளவு கீறினாலும் ஒலிக்குக் கீறல் கிடையாது. கடைசி ஊரின் நோய்க்கு இது நல்ல மருந்து. ஆனால் மருந்து வாங்க ஒலிக்கருவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் முதல் வேண்டும். முதல் போடக்கூடிய நிலையில் அப்போது ஊவாவின் படமாளிகைகள் இருந்தனவா?

விடைக்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். தமிழருக்கு எதிரான கலவரத்தில் 1983 ஜூலை 27ஆம் தேதி பதுளைக் கடைவீதி எரிந்தது. அன்றே தீ பண்டாரவளைக்கும் ஹாலிஎலவுக்கும் வெலிமடைக்கும் பரவியது, இரவாவதற்குள் லுணுகலைக்கும். மேற்கே ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ சாம்பலானது. அடுத்த சில ஆண்டுகளில், 1987க்கும் 1989க்கும் இடையில், ஊரடங்கும் இந்தியப் பொருள்களைப் புறக்கணிக்கும்படியான ஜே.வி.பி.யின் மிரட்டலும் வந்தன. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய் இரவுக் காட்சி பார்த்துவிட்டுத் திரும்புவது பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி ஆபத்து என்ற நிலைக்குப் போனது. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினியின் கோபுரம் பீதுருதாலகாலையில், ஊவாவின் தலைக்கு மேலேயே நின்றது. பிறகு வீடியோ டெக் வாடகைக்கு வந்தது, வி.சி.டி. வந்தது, கடைசியில் தோட்டத் தொழிலாளரின் லயத்துக் கூரைகளில் டிஷ் அன்டெனா வரிசையாக முளைத்தது. இந்த இடத்தில் ஒரு முரணைக் கவனியுங்கள். டிஜிட்டல் படம் மலையகத்தில் படமாளிகைக்கு வருமுன்னே லயத்துக்கு வந்துவிட்டது. வி.சி.டி.யும் டிஷ்ஷும் சுருக்கப்பட்ட டிஜிட்டல் படங்களே. வி.சி.டி.யின் ஒரு சட்டத்தில் 352க்கு 288, அதாவது ஒரு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். ஆனாலும் அதில் மழை பெய்யவில்லை, பாட்டில் சொல் விழுங்கப்படவில்லை.

படமாளிகைக்கான டிஜிட்டல் தரம் 2005 ஜூலையில் எழுதப்பட்டது. ஹொலிவூட்டின் ஏழு ஸ்டூடியோக்கள் 2002இல் கூட்டாக அமைத்த டி.சி.ஐ. என்ற அமைப்பு அதை வெளியிட்டது. குறைந்த அளவான 2கே படத்தில் 2048க்கு 1080 புள்ளிகள், அதாவது 22 லட்சம். ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாகச் சுருக்கப்படும். தரவு வினாடிக்கு 250 மெகாபிட் வரை. திரையின் நடுவில் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா வெளிச்சம். முப்பது கிலோ பெட்டியின் இடத்தில் கையடக்க வன்தட்டு ஒன்று வந்தது. அதில் உள்ளது பூட்டிய கோப்பு; குறிப்பிட்ட படமாளிகையின் கருவிக்கு, குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் சாவி தனியாக வரும். இந்தியாவில் ரியல் இமேஜின் கியூப்பும் யூ.எஃப்.ஓ. மூவீஸும் 2005ஐ ஒட்டி இந்தத் துறையில் இறங்கிப் பத்தாண்டுகளுக்குள் தமிழ்நாட்டுத் திரைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிவிட்டன. இலங்கையில் 2001ஐ ஒட்டி விநியோகம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டிருந்ததால், சென்னையில் வெளியாகும் வெள்ளிக்கிழமையே இங்கும் வெளியிடுவது வழக்கமாயிற்று. வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி ஊருக்கும் முதல் பிரதி வந்தது. நூறாவது காட்சியும் முதல் காட்சியும் கோப்பளவில் ஒன்றேதான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது: பிலிமின் ஒளிநயமும் நிறச்செறிவும் 2கேயில் இல்லையே? ஒளிப்பதிவாளர்கள் பலர் இதைச் சொன்னார்கள். அவர்கள் பேசியது மூல நெகட்டிவைப் பற்றி. நெகட்டிவில் 2கேயைவிடக் கூடுதலான விவரம் உண்டு என்பதை மறுப்பவர் இல்லை. ஆனால் எந்த ஊர்ச் சனமும் நெகட்டிவைப் பார்த்ததில்லை. நெகட்டிவிலிருந்து இடைப் பிரதி, அதிலிருந்து இன்னோர் இடை நெகட்டிவ், அதிலிருந்து படமாளிகைப் பிரதி என்று இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கூர்மை குறைகிறது. 2000களின் தொடக்கத்தில் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்காக வெளிநாட்டுப் படமாளிகைகளில் நடத்தப்பட்ட பரிசோதனையில், சாதாரணப் பிரதிகள் திரையில் 900 கோடுகளுக்கும் குறைவான நுணுக்கத்தையே தந்தன. அவை நல்ல நிலையிலிருந்த பிரதிகள், நல்ல இயந்திரங்கள். பல ஊர் சுற்றிய பிரதி, எரிந்து தேய்ந்துகொண்டே போகும் கார்பன் குச்சியின் ஒளியில், மின்னழுத்தம் ஏறி இறங்கும் மலைநாட்டு மாலையில் எத்தனை கோடு தந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். பிலிமுக்காக அழுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பிலிம் இந்தப் பக்கம் வந்ததேயில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சிற்றூர்களுக்கு வந்த டிஜிட்டல், டி.சி.ஐ. தரமே அல்ல என்பது அது. தெற்காசியாவில் முதலில் பரவியது மலிவு வகைதான்: குறைந்த புள்ளிகள், தொலைக்காட்சிக்குரிய சுருக்கமுறை, அரங்கக் கூட்டங்களுக்குச் செய்யப்பட்டது போன்ற புரொஜெக்டர். கறுப்பு சாம்பலாகத் தெரியும். இரவுக் காட்சியில் வானம் படிப்படியான பட்டைகளாகப் பிரியும். வேகமான சண்டையில் கட்டம் கட்டமாகச் சிதறும். இந்தக் குற்றச்சாட்டு முழுக்க உண்மை. ஆயினும் அந்தக் குறைகள் எல்லா ஊருக்கும் எல்லா நாளும் ஒரே அளவில் இருந்தன. பிலிமின் குறையோ வரிசையின் வாலுக்குப் போகப் போகக் கூடியது. சமமாகப் பகிரப்பட்ட நடுத்தரத்துக்கும் ஏற்றத்தாழ்வான சிறப்புக்கும் இடையே எதைத் தெரிவது என்று கேட்டால், வாலில் நின்றவரின் விடை எதுவாக இருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் வாதம் இதோடு முடிந்தால் டிஜிட்டலுக்கு வாழ்த்துப்பா பாடியதாகிவிடும். கோப்பு சமமாக வந்தது. வெளிச்சம் சமமாக வரவில்லை. புரொஜெக்டரின் செனன் விளக்கு எரிய எரிய மங்கும். குறித்த மணிநேரம் ஆனதும் மாற்ற வேண்டும். விளக்கு விலை கூடியது, அதனால் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது சக்தியைக் குறைத்து எரிப்பார்கள். முப்பரிமாணப் படத்துக்கான வடிகட்டி பாதிக்கும் மேற்பட்ட ஒளியை விழுங்கிவிடும். இதை ஏழை நாட்டுக் குறை என்று நினைக்க வேண்டாம். 2011இல் அமெரிக்காவின் 'பொஸ்டன் குளோப்' நாளேடு, அந்நகரத்துப் படமாளிகைகள் சில புரொஜெக்டரின் முப்பரிமாண லென்ஸைக் கழற்றாமலே சாதாரணப் படங்களை ஓட்டி, படம் இருண்டு கிடப்பதை அம்பலப்படுத்தியது. பிலிம் தேய்ந்தால் யாருக்கும் தெரியும், மழை பெய்யும். விளக்கு மங்கினால் யாருக்கும் தெரியாது. படமே இருட்டாக எடுக்கப்பட்டது என்று பார்வையாளர் நினைத்துக்கொள்வார். பழைய ஒப்பரேட்டர் கார்பனைத் தள்ளித் தள்ளி வெளிச்சத்தைக் கண்ணாலேயே கவனித்தவர். புதிய கருவியில் பொத்தானை அழுத்தினால் காட்சி தொடங்கிவிடும், அறையில் ஆள் வேண்டியதில்லை என்று முதலாளிக்குச் சொல்லியே அது விற்கப்பட்டது.

ஒலியில் இது இன்னும் மோசம். ஒற்றை ஸ்பீக்கர் காலத்தில் வசனமும் பாட்டும் இடியும் எல்லாம் ஒரே வழியில் வந்தன. ஸ்பீக்கர் கரகரத்தாலும் வசனம் காதில் விழுந்தது. ஆறு வழியாகப் பிரிக்கப்பட்ட ஒலியில் வசனம் ஏறக்குறைய முழுவதும் திரைக்குப் பின்னாலுள்ள நடு ஸ்பீக்கரில் வருகிறது. அது பழுதானால் இசை முழங்கும், பேச்சு கேட்காது. பக்கச் சுவர் ஸ்பீக்கர்களில் பாதி செத்திருந்தால், படத்தில் மழை ஒரு பக்கம் மட்டும் பெய்யும். கலவை அறையில் குறித்த ஒலியளவு ஒன்று உண்டு. டொல்பி கருவியில் அது 7 என்ற எண். சத்தம் அதிகம் என்று யாரோ சொன்னதும் அதை ஐந்துக்கோ நாலுக்கோ இறக்கிவிட்டால், மெல்லிய வசனம் மண்டபத்தின் கூரைத்தகட்டில் விழும் மெய்யான மழையோடு போட்டியிட்டுத் தோற்கும். 2012 டிசம்பரில் சென்னை சத்யம் வளாகத்தில் 'சிவாஜி' முப்பரிமாணப் படம் டொல்பி அட்மொஸில் ஓடியது. தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைக்கும் முறை அது. அதே ஆண்டுகளில் சிறு நகரத்துக்கு வேண்டியிருந்தது ஒழுங்காக வேலை செய்யும் ஒரு நடு ஸ்பீக்கர்தான். தொழில்நுட்பம் மேலே ஏற ஏற, பராமரிப்பில்லாத மண்டபத்துக்கும் அதற்கும் இடையிலான தூரம் கூடிக்கொண்டே போனது.

மூன்றாவது மறுப்பு பணத்தைப் பற்றியது, இதைத் தட்டிக்கழிக்க முடியாது. டிஜிட்டல் கருவியின் விலையைத் தாங்காமல் எத்தனையோ சிறு படமாளிகைகள் மூடப்பட்டன. அப்படியிருக்க, அது சிற்றூருக்குச் சமத்துவம் தந்தது என்பது கேலியல்லவா? மூடப்பட்டது உண்மை. ஆனால் அவை பிலிமோடு இருந்திருந்தாலும் தப்பியிருக்காது. கொடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஃபுஜி 2013இல் சினிமாப் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. பாரமவுண்ட் அதே ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் பிலிம் பிரதிகளைக் கைவிட்டது. பிரதி போடவே ஆளில்லாத உலகில் பிலிம் புரொஜெக்டர் இரும்புக்குத்தான் ஆகும். பணத்தில் மெய்யான அநியாயம் வேறிடத்தில் இருந்தது. பிரதிச் செலவு ஒழிந்ததால் மிச்சமான பணம் எவர் பைக்குப் போவது என்பதே அந்தச் சண்டை. மேற்கில், தயாரிப்பாளர் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கட்டணம் செலுத்திப் படமாளிகையின் கருவிக் கடனை அடைக்கும் ஏற்பாடு சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று வைக்கப்பட்டது. இந்தியாவில் அது முடிவில்லாமல் நீண்டபோது, 2018 மார்ச் 1ஆம் தேதி தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் புதுப்படங்களை நிறுத்தி வைத்தது. ஏப்ரலில்தான் சமரசம் பிறந்தது. ஏழு வாரம் தமிழ்ச் சினிமாவையே நிறுத்திய அந்தப் பேரத்தில், கடலுக்கு இப்பாலுள்ள சிறு நகரப் படமாளிகைக்காரருக்கு நாற்காலி இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்வார்கள்: வி.சி.டி.யிலும் டிஷ்ஷிலும் திருப்தியடைந்த சனத்துக்குத் தரம் ஒரு பொருட்டே அல்ல என்று. தோட்டத் தொழிலாளரின் ரசனையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. நாட்சம்பளத்தில் ஒரு பங்கைப் பஸ்ஸுக்கும் டிக்கட்டுக்கும் கொடுத்து, கடைசிப் பஸ்ஸைத் தவறவிடும் பயத்தோடு போய், தேய்ந்த படத்தைப் பார்ப்பதா, வீட்டுக்குள் பிள்ளைகுட்டிகளோடு கீறலில்லாத சிறு படத்தைப் பார்ப்பதா? இதில் இரண்டாவதைத் தெரிந்தவர் தரத்தைப் புறக்கணித்தவரா, கணக்குத் தெரிந்தவரா? படமாளிகை நல்ல படத்தைக் கொடுக்கத் தொடங்கியபோது, அந்தக் கணக்கை மாற்றும் வேகம் அதற்கு இல்லை. முதல் பிரதி கடைசி ஊருக்கு வந்தபோது, பல இடங்களில் அதை வாங்கிப் போட மண்டபம் இல்லை.

மிஞ்சியிருக்கும் மண்டபங்களுக்கு 2022இன் நெருக்கடி அடுத்த அடியாக வந்தது. அந்த மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு; டொலர் தட்டுப்பாட்டில் இறக்குமதிகள் முடங்கின. விளக்கு, வடிகட்டி, சேர்வர் பாகம் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. ஆனாலும் இங்கே செய்யக்கூடிய, செலவில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. திரையின் வெளிச்சத்தை அளக்கும் கருவியும் ஒலியளவைப் பார்க்கும் கருவியும் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை. பின்னர் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறிய அதே அரச நிறுவனம் ஒரு காலத்தில் படங்களைத் தீவெங்கும் அனுப்பியது. இப்போது ஆண்டுக்கொருமுறை ஒரு பரிசோதகரை அனுப்பினால் போதும். 48 கண்டெலா என்ற அளவில் இந்தத் திரை எத்தனை தருகிறது, எத்தனை ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதி டிக்கட் கவுண்டரில் ஒட்டட்டும். பதுளைக்காரர் கொடுக்கும் காசும் கொழும்புக்காரர் கொடுக்கும் காசும் ஒரே காசு. காசைக் கொடுக்குமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை அவருக்கு உண்டு.